கிள்ளானில் எண்ணெய் என்றால்

மகளின் சைக்கிள் சங்கிலிக்கு எந்த எண்ணெய் பொருத்தம் என்று பார்த்துச் சொல்வதற்காகத்தான் மலேசியா போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி ராஜம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "அதைப் போன்லயே சொல்லலாமே" என்றாள். சொல்லலாம்தான். திருச்சியில் முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் ஒரு சங்கிலிக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

உண்மைக் காரணம் வேறு. நித்யா சைக்கிளிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் என்று மாப்பிள்ளை கதிரேசன் போனில் சொன்னார். செயின் வழுக்கிவிட்டதாம். அன்று மாலை வீடியோவில் அவளைப் பார்த்தேன். கையில் மாவுக்கட்டு. இடது கண்ணுக்குக் கீழே ஊதா நிறத்தில் வீக்கம். "எப்படிம்மா விழுந்த?" என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அவர், "செயின் வழுக்கிருச்சு மாமா, வேற ஒண்ணுமில்ல" என்றார். அந்த "வேற ஒண்ணுமில்ல" எனக்குள் தங்கிவிட்டது. அவர் என் மகளை அடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் போனேன்.

விமான நிலையத்துக்குக் கதிரேசனே வந்திருந்தார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. இரவு முழுக்க விழித்துவிட்டு நேராக வந்திருக்கிறார். என் பெட்டியை வாங்கிக்கொண்டார். காரில் ஏசியைக் கூட்டட்டுமா குறைக்கட்டுமா என்று கேட்டார். நல்லபடி நடந்துகொண்டால் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. பேசாமல் ஓட்டினாலும் அப்படியேதான் தோன்றியது. ஒரு மனிதர் என்ன செய்தாலும் குற்றவாளியாகத் தெரிகிறார் என்றால் தவறு பார்க்கிறவனிடம் இருக்கலாம் என்று, மாணவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் பிழைகளைப் பற்றிப் பாடம் எடுத்த எனக்கு உறைக்கவில்லை.

வழியில் ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். நம்மூர் பரோட்டாவுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் உடம்பை இளைத்துக்கொண்டவன். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. சால்னா என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். நன்றாகவே இருந்தது. அதையும் அவருக்குச் சாதகமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வீடு கிள்ளானில் ஒரு தாமானில் இருக்கிறது. தாமான் என்றால் வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. இரும்புக் கதவருகே சம்பந்தி சுப்பையா நின்றிருந்தார். இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். "வாங்க சம்பந்தி, பசியாறியாச்சா?" என்றார். காலை உணவைத்தான் அப்படிக் கேட்கிறார்கள். நான் தமிழை இவ்வளவு அழகாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, என் செருப்பைப் பார்த்துக் கேட்டார். அதைக் குறித்துக்கொண்டேன்.

நித்யா ஒரு கையால் என்னைக் கட்டிக்கொண்டாள். வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. சைக்கிள் கார் நிற்கும் இடத்தில் சுவரோடு சாய்ந்திருந்தது. எல்லோரும் உள்ளே போனதும் குனிந்து சங்கிலியைப் பார்த்தேன். கைக்குட்டையால் ஒரு சாண் நீளத்துக்குத் துடைத்தேன். கைக்குட்டையில் கறுப்பு இல்லை. செங்கல் பொடி மாதிரி துரு. எண்ணெயின் பிசுபிசுப்பு எள்ளளவும் கிடையாது. மோந்தும் பார்த்தேன். நிமிர்ந்தபோது சுப்பையா கதவருகில் நின்றிருந்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அவரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"செயினுக்கு எண்ணெய் போட்டிருந்தீங்களா சம்பந்தி?"

"எண்ணெயிலயே ஊற வெச்சேன். ஒரு மத்தியானம் பூரா. பிஸ்கட் டின்னுல எண்ணெய ஊத்தி, செயினக் கழட்டி அதுல போட்டுட்டேன்."

"என்ன எண்ணெய்?"

"என்ன எண்ணெயா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எண்ணெ லா. நம்ம மோட்டார்லேர்ந்து எடுத்தது." "லா" என்பது அங்கே பேச்சோடு ஒட்டிவரும் சொல்.

"ஊற வெச்சு எத்தனை நாள் கழிச்சு விழுந்தா?"

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். சமையலறையிலிருந்து நித்யா, "மாமா, அப்பாவுக்கு இன்னொரு டீ வேணுமான்னு கேளுங்க" என்றாள். நான் ஐந்தடி தூரத்தில் இருக்கிறேன். என்னையே கேட்டிருக்கலாம். பேச்சை வெட்டுகிறார்கள் என்று புரிந்தது.

என் கணக்கு இப்படிப் போயிற்று. ஒரு மத்தியானம் முழுக்க மோட்டார் எண்ணெயில் ஊறிய சங்கிலி உலரவே மாதக்கணக்காகும். கிள்ளானின் ஈரக்காற்றில்கூட அது சில வாரத்தில் துருப்பிடிக்க வாய்ப்பில்லை. எனவே சுப்பையா பொய் சொல்கிறார். சங்கிலியைப் பற்றி எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? விழுந்த கதையே பொய் என்பதால். அப்பா மகனைக் காப்பாற்றுகிறார். என் மகளும் பயந்துபோய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மாள் துணி எடுத்துக்கொண்டிருந்தார். வேலி ஓரமாகப் போய், இந்த வீட்டில் சண்டைச் சத்தம் ஏதாவது கேட்குமா என்று விசாரித்தேன். வெட்கமில்லாமல்தான் விசாரித்தேன்.

"கேக்கும் அங்கிள்" என்றார்.

வேலியை இன்னும் நெருங்கினேன். "எப்ப?"

"ஃபுட்பால் மேட்ச் அன்னிக்கி. தாத்தா ஒரு டீம், கதிர் ஒரு டீம். தாங்க முடியாது லா."

மூன்றாம் நாள் நித்யாவுக்குக் கோலாலம்பூரில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. கதிரேசன் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் அவளும் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் போனோம். நடுவில் ஒரு பெட்டியில் இடம் காலியாக இருக்கிறதே என்று நான் போய் உட்கார்ந்தேன். எதிரிலிருந்த மலாய்ப் பெண்மணி மிகப் பணிவாக ஏதோ சொன்னார். பெண்களுக்கான பெட்டி, பெரியவரே, அடுத்த பெட்டியிலும் குளிராகத்தான் இருக்கும் என்று சொன்னதாக நித்யா மொழிபெயர்த்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கணவர் பக்கத்தில் இல்லாததால் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரைப் பார்த்தபின் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. மாலை கட்டும் கடைகள், பட்டுப்புடவைக் கடைகள், மேலே மோனோரயில். திருச்சி சின்னக்கடை வீதியின்மேல் ஒரு ரயிலை ஓடவிட்ட மாதிரி. இலையில் நான்கு காய், பாகற்காய் வறுவல், மீன் குழம்பு. அவள் வலது கையால் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டுவிட்டேன்.

"இங்க யாரும் இல்ல. சொல்லு. மாப்பிள்ளை அடிச்சாரா?"

அவள் கை இலையில் நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. செயின்ல எண்ணெயே இல்ல. உன் மாமனார் எண்ணெயில ஊற வெச்சேங்கறார். அவர் சொல்றது பொய். விழுந்துட்டேன், வழுக்கிருச்சு, இந்த மாதிரிக் கதையெல்லாம் எனக்குத் தெரியும்மா."

"தெரியும்தான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நம்ம வீட்டுலதானே அந்தக் கதையைக் கட்டினீங்க. அம்மா துணி காயப்போடப் போயி மாடியில விழுந்துட்டாங்கன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. நான் நாலாங்கிளாஸ். அப்படியே டீச்சர்கிட்டச் சொன்னேன். பாட்டிகிட்டச் சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க."

பக்கத்து மேசையில் யாரோ ரசம் கேட்டார்கள். அவள் இலையை மடித்தாள். "நான் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன். வந்த ரயில்லயே திரும்பிப் போங்க. போர்ட் கிள்ளான்னு போட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். ஒரு ஜூலை மாதத்தில் ராஜத்தை அடித்தேன். எதற்கென்று இப்போது காரணம் சொன்னால் அது சமாதானம் ஆகிவிடும், சொல்லவில்லை. அவள் கன்னம் அலமாரிக் கதவில் மோதியது. அண்ணன் மனைவி மறுநாள் வருவதாக இருந்ததால், துணி காயப்போடும்போது விழுந்ததாகச் சொல் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். அவள் சொன்னாள். அதன்பின் நான் கை ஓங்கியதில்லை. ஓங்கியதில்லை என்பதையே ஒரு தகுதியாக இத்தனை வருடம் எனக்குள் வைத்திருந்தேன். மகளுக்கு மறந்திருக்கும் என்றும் நம்பினேன். மாப்பிள்ளையின் "வேற ஒண்ணுமில்ல" எனக்கு ஏன் அவ்வளவு பழகிய குரலாகக் கேட்டது என்பது அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கையில்தான் தெரிந்தது.

பக்கத்திலிருந்த சென்ட்ரல் ரயில் நிலையத்தில் எந்த ரயிலில் ஏறினேன் என்று பார்க்கவில்லை. அங்கே இரண்டு தடங்கள் சேர்கின்றன. கடைசி நிலையம், எல்லோரும் இறங்குங்கள் என்று அறிவித்தபோது இறங்கினேன். எதிரில் பொன்னிற முருகன் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றார். பத்துமலை. கிள்ளானுக்கு நேர் எதிர்த் திசை. நான் படியேறவில்லை. ஏறி என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. கீழே ஒரு இளநீர் குடித்தேன். கூட்டமாக வந்திருந்த குடும்பம் ஒன்று என்னைப் பார்த்து வழி தவறியவர் என்று புரிந்துகொண்டு, தங்கள் போனிலேயே எனக்கு ஒரு கார் வரவழைத்துக் கொடுத்தது.

காரை ஓட்டி வந்தவர் ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண்மணி. பாதி வழியில், "அங்கிள், ரெண்டு நிமிசம். எண்ணெ போட்டுக்கறேன்" என்றார். இன்ஜினில் ஏதோ குறை போலிருக்கிறது, மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராகப் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, குழாயை எடுத்து டாங்கில் சொருகினார்.

கண்ணாடியை இறக்கிக் கேட்டேன். "எண்ணெய்னு சொன்னீங்களே?"

"ஆமா. எண்ணெதான் போடறேன்."

"இது பெட்ரோல்."

"அதான் அங்கிள். எண்ணெ. மலாய்க்காரங்க மிஞ்ஞாக்னு சொல்வாங்க, நாம எண்ணெனு சொல்வோம். ஊருல என்ன சொல்வீங்க?"

"பெட்ரோல்."

"அது இங்கிலீசு அங்கிள்" என்றார் அவர், என்மேல் கொஞ்சம் இரக்கத்தோடு.

"மோட்டார்னா?"

"மோட்டார் சைக்கிள். பைக். ஏன் அங்கிள், எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

நான் பின்சீட்டில் சாய்ந்துகொண்டேன். சுப்பையா பைக் டாங்கிலிருந்து பெட்ரோல் எடுத்து, அழுக்குப் போகச் சங்கிலியை அதில் ஊற வைத்திருக்கிறார். பெட்ரோல் அழுக்கோடு உள்ளே இருந்த பழைய எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். அதன்பின் புது எண்ணெய் போடாவிட்டால் ஒரு மழை போதும், துரு வந்துவிடும். முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. தன் தவறை முதல் கேள்வியிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் மொழி தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன். "ஊற வெச்சபிறகு வேற எதுவும் போடலியா சம்பந்தி?"

அவர் எழுந்துவிட்டார். "போடல. கடையில ரெண்டு விதம் இருக்குன்னான், எது வேணும்னான். பிள்ளைகிட்டக் கேட்டு வாங்கலாம்னு வந்தேன். மறந்துட்டேன். செயின மாட்டிட்டேன், ஆனா சொல்ல மறந்துட்டேன். நடுவுல மூணு நாள் மழை. ஞாயித்துக்கிழமை காலையில நித்யா எடுத்துட்டுப் போயிருச்சு. மேம்பாலத்துல எந்திரிச்சு நின்னு மிதிச்சிருக்கு, செயின் இறுகிக்கிட்டு துள்ளிருச்சு. பின்னால லோரி வந்திருந்தா என்ன ஆவுறது? நானே லோரிக்காரன்." நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். "நாந்தான் காரணம்னு உங்ககிட்ட சொல்ல வேணாம்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. நீங்க படிச்சவரு. என்னைப் பத்தி என்ன நினைப்பீங்கன்னு."

அப்படியானால் மறைத்தது உண்மைதான். ஒரு கிழவரின் மானத்தை மறைத்திருக்கிறார்கள், என்னிடமிருந்து.

"நான் என்ன நினைச்சேன்னு சொல்றேன்" என்று தொடங்கினேன். கதிரேசன் தூங்கி எழுந்து பனியனோடு வந்து நின்றார். நல்லதாயிற்று என்று இருவரிடமும் சொன்னேன். உங்கள் மகன் என் மகளை அடித்தார் என்று நினைத்துத்தான் வந்தேன்; பக்கத்து வீட்டில்கூட விசாரித்தேன்; மன்னித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. "நித்யாகிட்டயும் கேட்டீங்களா மாமா?" என்றார்.

"கேட்டேன்."

"அதான் போனை எடுக்கல" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அவளை அழைத்துவரக் கிளம்பினார்.

சுப்பையாதான் பேச்சை எடுத்தார். "சந்தேகப்பட்டீங்கன்னு தெரியும் சம்பந்தி. வந்ததும் வராததுமா சைக்கிள மோந்து பாத்தீங்களே. எதைன்னுதான் தெரியல. நான் எண்ணெ திருடிட்டேன்னு நினைக்கிறாரோன்னு பயந்துட்டேன்."

மறுநாள் காலை நானும் சம்பந்தியும் சைக்கிளை லோரிக்காரர் ஒருவரின் சின்ன வேனில் ஏற்றி, கிள்ளான் கடைத்தெருவிலிருக்கும் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். சீனக் கடைக்காரர் சங்கிலியை விரல்களுக்கிடையில் ஓடவிட்டார். மேல்துருதான், போய்விடும், ஆனால் இரண்டு கண்ணிகள் இறுகிவிட்டன, அவற்றை மாற்றுகிறேன் என்றார் மலாய் மொழியில். சம்பந்தி எனக்குச் சொன்னார். பிறகு கடைக்காரர் இரண்டு புட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று நீர்த்தது, போட்டதும் காய்ந்துவிடும், தூசி ஒட்டாது, ஆனால் மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். இன்னொன்று தேன் மாதிரி கெட்டி. மழைக்கு அசையாது, தூசியை இழுத்துக்கொள்ளும். மழையிலா ஓட்டுகிறீர்கள், வெயிலிலா என்று கேட்டார்.

"கிள்ளான்ல எந்நேரம் மழை, எந்நேரம் வெயிலுன்னு யாருக்குத் தெரியும் லா" என்றார் சம்பந்தி. எதற்கு இதெல்லாம், லோரிக்குப் போடும் இன்ஜின் எண்ணெய் வீட்டில் அரை டின் இருக்கிறதே என்றும் கேட்டுப் பார்த்தார். கடைக்காரர் தலையை ஆட்டினார். அது மண்ணையெல்லாம் சேர்த்து அரைத்து மாவாக்கிப் பல்சக்கரத்தைத் தின்றுவிடும் என்றார். நான் என் பங்குக்கு, எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் விடுவோம் என்றேன். மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஏதோ சொன்னார். சம்பந்தி சிரித்தார், எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்.

கெட்டியானதையே எடுக்கலாம், மழை நாடு என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கடைக்காரர் புட்டியைக் கையில் தரவில்லை. இதைப் போட்டால் வாரம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும், எண்ணெய் சங்கிலியின் உருளைகளுக்குள்தான் வேலை செய்யும், வெளியே நிற்பது முழுக்க அழுக்கு, யார் துடைப்பது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நான் திருச்சியில் இருப்பவன். "நான் துடைப்பேன்" என்றார் சுப்பையா. புட்டி அவர் கைக்குப் போயிற்று.

மதியம் கண்ணிக்கு ஒரு சொட்டாக அவர் விட, நான் மிதிக்கட்டையைப் பின்பக்கமாகச் சுற்றினேன். பத்து நிமிடம் காத்திருந்து மேலே நின்றதையெல்லாம் துடைத்தெடுத்தோம். நித்யா கதவருகில் வந்து நின்று பார்த்தாள். முந்தைய நாள் மதியத்திலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை.

"மாப்பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேம்மா" என்றேன். "உங்கிட்டயும் கேக்கறேன். நாலாங்கிளாஸ்ல உன்னையும் பொய் சொல்ல வெச்சேன்."

"என்கிட்டக் கேட்டா போதுமாப்பா?" என்றாள். தன் போனில் அம்மாவை அழைத்து, என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள். சுப்பையா புட்டியின் மூடியைத் திருகியபடி தெருமுனைக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

திருச்சியில் அப்போது காலை பதினொன்றரை இருக்கும். ராஜம் எடுத்தாள். கை எப்படி இருக்கிறது, எண்ணெய் வாங்கியாயிற்றா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். எதற்காக வந்தேன், என்ன நினைத்தேன், யாரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்.

"மாப்பிள்ளைகிட்டயும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அவரு ஒண்ணும் பண்ணாதவரு" என்றாள். "அவருகிட்டக் கேக்கறது சுலபம்."

அதன்பின் நான் மாடியையும் துணியையும் பற்றிச் சொன்னேன். நான் அடித்ததை அடித்தேன் என்ற சொல்லாலேயே சொன்னேன். முதல்முறையாகச் சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது, அதெல்லாம் எதற்கு இப்போது என்பாள் என்று. இரண்டும் நடக்கவில்லை.

"இது போன்ல சொல்ற விஷயமில்ல" என்றாள். "எப்ப வர்றீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை உங்க அண்ணியை வீட்டுக்குக் கூப்பிடறேன். நான் விழுந்தேன்னு அவங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். அவங்க முன்னால சொல்லுங்க."

அண்ணிக்கு எண்பது வயது. காது சரியாகக் கேட்காது. எதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும்.

"சரி" என்றேன்.